அறுபதைத் தாண்டாத எண்

குடிபாலாவுக்கு மேற்கே, ஒரு மாந்தோப்பின் நடுவில், ஜீப் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது.

"கணக்குப்படி படகுப் பெட்டி இங்கதான் இருக்கணும் மேடம்" என்றான் சிரஞ்சீவி. "கடலைத்தான் யாரோ சுருட்டிகினு போயிட்டாங்க."

சுலோசனா சிரிக்கவில்லை. மடியில் விரித்திருந்த சித்தூர் மாவட்ட வரைபடத்தையும், அதில் தான் வைத்திருந்த பென்சில் புள்ளியையும் மறுபடி பார்த்தாள். புள்ளி சரியாகத்தான் இருந்தது. தோப்புதான் காலியாக இருந்தது. டிசம்பர் மாதத்துத் தூறலில் மாமரங்கள் நனைந்து நின்றன. காவல் கொட்டகைகூடப் பூட்டிக் கிடந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெண், தலையில் யூரியா சாக்கைப் போர்த்திக்கொண்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். சுலோசனா இறங்கிப் போய், காணாமல் போனவனின் போட்டோவை அவளிடம் நீட்டினாள்.

"இந்த மொகத்த நான் பாத்ததே இல்லம்மா" என்றாள் அந்தப் பெண். "பூ உடுற வரைக்கும் தோப்புக்கு யார் வரப் போறா? மழ வேற பேஞ்சிகினே கீது."

"பக்கத்துல வீடு, ஷெட், குவாரி ஏதாவது?"

"ஒண்ணும் கெடையாது. அந்தாண்ட சுடுகாடு கீது. அங்கயும் புதுசா யாரும் வரல."

சிரஞ்சீவி சுலோசனாவின் காதருகே சொன்னான்: "நல்ல சேதிதான் மேடம்."

அவனுக்கு முப்பத்தாறு வயது. திருமலைக்கு டூரிஸ்ட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன், வளைவுகளில் ஜோக் அடித்தே பக்தர்களைப் பயமுறுத்தியதால் வேலை போய், சுலோசனாவிடம் சேர்ந்தான். சுலோசனா அதற்கு முன்பு வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆபீசில் இருந்தாள். போனவர்களில் பலர் என்ன ஆனார்கள் என்று கேட்டு வரும் குடும்பங்களுக்குப் பதில் தேடித் தேடி, அதையே தொழிலாக்கிக்கொண்டாள். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை, ஒரு டெலிபோன், ஒரு ஜீப். அவ்வளவுதான் அவளுடைய துப்பறியும் நிறுவனம்.

நேற்று அந்த மாடிப்படியில் ஏறி வந்தவள்தான் காஞ்சனா.

கணவன் பெயர் யஸ்வந்த். நகரி பக்கத்து விவசாயக் குடும்பம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு ஷார்ஜாவுக்குப் போய், பணக்காரர்களின் உல்லாசப் படகுகளில் கருவிகள் பொருத்திக்கொண்டிருந்தவன். ஊர் திரும்பி, திருப்பதியில் சின்னதாக ஒரு கடை போட்டான். மீன்பிடி படகில் இடத்தைச் சொல்ல ஒரு ஜி.பி.எஸ். இருக்கும், ஆழத்தைச் சொல்ல ஓர் எக்கோ சவுண்டர் இருக்கும். இரண்டும் தனித்தனியாக எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும். யஸ்வந்த் அவற்றைக் கேபிள் போட்டு ஒரு லேப்டாப்பில் இணைத்துவிடுவான். படகு எங்கே போகிறது, அடியில் எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் ஒரே வரைபடத்தில் தெரியும். கூடவே சொந்தமாக ஒரு பெட்டியும் செய்திருந்தான். உள்ளே ஒரு சிம் கார்டு. ஜி.பி.எஸ். சொல்வதை வாங்கி, சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் கடை செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடும். கடை கம்ப்யூட்டர் அந்த எண்களை எடுத்துப் படகைப் புள்ளியாகக் காட்டும். கரையில் இருக்கிற பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நிம்மதி.

போன மாதப் புயலில் அந்த நிம்மதி கவிழ்ந்தது. பழவேற்காட்டுப் படகு ஒன்று எஞ்சின் நின்று, மூழ்கியது. அதில் இருந்தது இரண்டு பேர். எத்திராஜ் இறந்துபோனான். வீராசாமி பிழைத்தான். தேடப் போன படகுகள் பெட்டி காட்டிய இடத்தில் விடிய விடியச் சுற்றியும் ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டி பொய் சொல்லிவிட்டது என்று படகுக்காரர்கள் வந்து கடையை உடைத்தார்கள். அடுத்த வாரமே யஸ்வந்த் காணாமல் போனான்.

"அவங்கதான் தூக்கிகினு போயிருப்பாங்க மேடம்" என்று நேற்று காஞ்சனா அழுதாள். "போலீஸ்ல சொன்னேன். வந்துடுவாரு, இருங்கன்றாங்க. ஆனா அவர் பையில இன்னொரு பெட்டி இருக்குது. அதுலருந்து தினம் காலையில மெசேஜ் வருது. ஒரே நம்பர்தான்."

1313. 7906. நடுவில் புள்ளி கிடையாது, வார்த்தை கிடையாது.

படிக்கும் விதத்தையும் காஞ்சனாவே சொல்லிக் கொடுத்தாள். முதல் இரண்டு எண் டிகிரி. மிச்சம் இருப்பது புள்ளிக்குப் பின்னால் வருவது. வரைபடத்தில் பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே ஸ்கேலை வைத்து, நூறு பாகமாகப் பாவித்து, அதில் பதின்மூன்றாவது பாகத்தில் குறி வைக்க வேண்டும்.

அந்தக் குறிதான் இந்த மாந்தோப்பு.

"கெளம்பு" என்றாள் சுலோசனா. "திருப்பதிக்குப் போகலாம். தப்பு தோப்புல இல்ல, நம்பர்ல இருக்குது."

"ஜீப்பை யார் தள்றது மேடம்?"

"பேரு சிரஞ்சீவிதானே? ஒண்ணும் ஆகாது. தள்ளு."

*

கடையின் ஷட்டர் நடுவில் மடங்கிப் போயிருந்தது. உள்ளே மானிட்டரின் கண்ணாடி இல்லை, வெறும் கூடு மட்டும் மேஜைமேல் இருந்தது. அறுந்த கேபிள்களைக் காஞ்சனா ஒவ்வொன்றாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக அடுக்கி வைத்திருந்தாள். அவன் திரும்பி வந்தால் தேடக் கூடாது என்பதற்காக.

அவர்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்ததும் அணைந்தது.

"இல்லையா மேடம்?"

"அங்க இல்லம்மா. கடை போனைக் கொடுங்க. பழைய மெசேஜ் எல்லாம் அழிக்காம இருக்குதா?"

"எதையும் அழிக்க மாட்டாரு. ஒரு மெசேஜைக்கூட டெலிட் பண்ண மனசு வராதுன்னுவாரு."

சுலோசனா செல்போனை வாங்கிக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். சென்ற வருடத்துச் சோதனை ஓட்டம் ஒன்று கிடைத்தது. காசிமேட்டிலிருந்து கிளம்பி மகாபலிபுரம் பக்கமாக, தெற்கே போன ஒரு படகு. அவள் சத்தமாகப் படித்தாள்.

"1303. 1302. 1301. 1300..."

"1299" என்றான் சிரஞ்சீவி, கடை வாசலில் காலில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக்கொண்டே.

"இல்ல. 1259."

"நாப்பது நம்பர் எங்க போச்சு? வழியில துன்னுட்டாங்களா?"

"அடுத்தது 1258. அப்புறம் 1257. ஒழுங்காத்தான் போகுது." சுலோசனா இன்னும் கீழே போனாள். வேறு படகு, வேறு மாதம். பிறகு இன்னொன்று. கடைசி இரண்டு எண்களை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தாறு, ஐம்பத்தொன்று, பூஜ்ஜியம் மூன்று, ஐம்பத்தெட்டு. எழுபது என்று ஒன்றுகூட இல்லை. எண்பது இல்லை. தொண்ணூறு இல்லை.

"சிரஞ்சீவி, ரயில் டைம்டேபிள்ல பதிமூணு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால என்ன?"

"பன்னண்டு அம்பத்தொம்..." அவன் கால் தேய்ப்பதை நிறுத்தினான். "மேடம்! இது கடிகாரம்!"

"கடிகாரம் இல்ல, பூகோளம். ஒரு டிகிரிக்கு அறுபது மினிட். ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்திருப்பாங்க."

"பூகோளத்துல பாஸ் பண்ணியிருந்தா நான் ஏன் ஜீப் ஓட்டப் போறேன்?"

"இருங்க, சரிதானான்னு பார்த்துடலாம். காஞ்சனா, அவர் போன அன்னிக்கி இந்தக் கடையிலருந்து பெட்டியை ஆன் பண்ணியிருக்காரு. இதோ, 1338. உங்க கணக்குப்படி பாருங்க." ஸ்கேலை வைத்தாள். "நூறு பாகம்னா இந்தக் கடை பெனுமூர் பக்கத்துல காட்டுக்குள்ள இருக்குது. அறுபது பாகம்னா?"

பென்சில் முனை வடக்கே ஏறியது. 'திருப்பதி' என்று அச்சடித்திருந்த எழுத்தின் மேலேயே வந்து நின்றது.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"இப்போ 1313." பென்சில் குடிபாலாவைவிட்டுக் கொஞ்சம் வடக்கே நகர்ந்தது. "சித்தூர் டவுன். டவுனுக்குள்ளயே."

"சித்தூர்லதான் இருக்காரா!" காஞ்சனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர், ஆனால் சிரிப்பு. "நான்தான் தப்பாப் படிச்சேனா? ஐயோ, உங்களைத் தோப்பு தோப்பா அலைய விட்டுட்டேனே மேடம்! இருங்க, டீ போடுறேன்."

சுலோசனா பதிலுக்கு ஏதோ சொல்ல வந்தாள். அப்போதுதான் அவள் பார்வை சுவருக்குப் போனது.

சுவரில் பெரிய கடல் வரைபடம். நெல்லூரிலிருந்து புதுச்சேரி வரைக்கும் கரை. அதில் பழவேற்காடு முகத்துவாரத்துக்கு நேர் எதிரே, சிவப்புப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த மெல்லிய கோடு.

"இது யார் போட்டது?"

"நான்தான். அன்னிக்கிப் புயல்ல அவர் கிருஷ்ணப்பட்டினத்துல மாட்டிக்கினாரு. இங்க கரண்ட் இல்ல, கம்ப்யூட்டர் ஓடல. போன்ல மட்டும் நம்பர் வந்துது. நானே ஸ்கேல் வெச்சிப் பாத்து, படகு முதலாளிக்கி எடத்தைச் சொன்னேன். முகத்துவாரத்துக்கு நேரா போங்கன்னு." அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னாள். "ஆனா பெட்டி தப்பா அனுப்பியிருக்குது. அங்க படகே இல்ல."

"என்ன நம்பர் வந்துது?"

"1342-ன்னு வந்துது. மறக்கவே மறக்காது."

சிரஞ்சீவி வாயைத் திறந்தான். சுலோசனா அவன் காலை மிதித்தாள்.

"பிழைச்ச ஆள் வீராசாமி, எந்த ஊர்?"

"சித்தூர் பக்கம்தான். கூலிக்கி பழவேற்காடு போனவங்க ரெண்டு பேரும். அவரைச் சித்தூர் ஆஸ்பத்திரிக்கி மாத்திட்டாங்கன்னு..." காஞ்சனா திரும்பினாள். "அந்தாளு வீட்டுக்காரங்கதான் இவரை அடைச்சி வெச்சிருக்காங்களா மேடம்?"

"தெரியல. நாங்க போய் பார்க்கறோம். நீங்க இங்கயே இருங்க."

"நானும் வரேன்."

"வேண்டாம். முதல்ல நான் தனியாப் பாக்கணும். கண்டுபிடிச்சதும் போன் பண்றேன்."

டீ கொதித்துக்கொண்டிருந்தது. குடிக்காமல் இறங்கினார்கள்.

*

ஜீப் வெகுதூரம் போகும் வரைக்கும் சிரஞ்சீவி ஒன்றும் பேசவில்லை. அது அவனுக்குக் கஷ்டமான வேலை.

"அறுபதுக் கணக்குல 1342 எங்க வரும் மேடம்?"

"ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேர் கிழக்கே. ஆழ்கடல்."

"தேடினது?"

"பழவேற்காடு வாசல்ல. நாற்பது கிலோமீட்டர் தள்ளி."

வைப்பர் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தது.

"அந்தம்மாவுக்குத் தெரியாது" என்றான்.

"தெரிஞ்சிருந்தா அப்படிச் சிரிச்சிருக்குமா?"

"நாம சொல்லணுமா?"

 காணாமல் போன ஆளைத் தேடிக் கொடுப்பது சுலோசனாவின் வேலை. இன்று அவனைத் தேடுவதற்காகவே ஒரு பூட்டைத் திறந்திருந்தாள். அந்தப் பூட்டுக்குள் வேறொன்றும் இருந்தது. இனி அதை மூட முடியுமா என்று யோசித்துக்கொண்டே வந்தாள். அறுபது என்று சொல்லிக் கொடுத்தது அவள்தான். காஞ்சனா முட்டாள் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பார்வையாளர் நேரம் வரும்வரை நிற்க வேண்டியிருந்தது. கேட் திறந்ததும் எலும்பு முறிவு வார்டுக்குப் போனார்கள். ஜன்னல் ஓரக் கட்டிலில் முழங்கால்வரை மாவுக்கட்டு போட்ட ஒருவன் சாய்ந்து கிடந்தான். உப்புத் தண்ணீரில் ஊறிப் புண்ணான உதடுகள் இன்னும் முழுதாக ஆறவில்லை. பக்கத்தில் மொட்டைத் தலையுடன் ஒருவன் உட்கார்ந்து, இட்லியை விண்டு அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"திருப்பதிக்குப் பக்கத்துல மொட்டை அடிச்சிக்கினா ஒளியறது ஈசி" என்று சிரஞ்சீவி முணுமுணுத்தான். "தலைக்குப் பதிலா பையைப் பாருங்க மேடம்."

மொட்டையின் காலடியில் ஒரு தோள்பை. வாய் திறந்த பையிலிருந்து ஒரு கறுப்பு ஆன்டெனா ஜன்னல் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது.

"யஸ்வந்த்?" என்றாள் சுலோசனா.

அவன் கை பாதியில் நின்றது. ஓட வழி பார்க்கவில்லை. தட்டைக் கவனமாக ஸ்டூலில் வைத்துவிட்டு, நோயாளியின் வாயைத் துடைத்துவிட்டு, அவர்களோடு வராந்தாவுக்கு வந்தான்.

"காஞ்சனா அனுப்பினாளா?"

"ஆமா. உங்களை யாரோ அடைச்சி வெச்சிருக்காங்கன்னு நெனச்சிகினு இருக்கா. சாப்பிடல, தூங்கல. ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"போன் பண்ணா எங்க இருக்கன்னு கேப்பா. எங்கன்னு சொன்னா வந்துடுவா. வந்தா வீராசாமி பேசுவான்." அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "உயிரோட இருக்கேன்னு மட்டும் தெரியட்டும்னுதான் தினம் பெட்டியை ஆன் பண்ணேன். எடம் தெரியாதுன்னு ஒரு தைரியம்."

"தப்பாத்தான் படிப்பான்னு உங்களுக்குத் தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் பயம்தான் முதலில் வந்தது.

"நீங்க எப்படிச் சரியாப் படிச்சீங்க?"

சுலோசனா சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"கிருஷ்ணப்பட்டினத்துலருந்து வந்து கடையில நுழைஞ்சதும் சுவத்துல அந்தக் குறியைப் பாத்தேன். ஒரு செகண்ட்ல புரிஞ்சிடுச்சி. பெட்டி சரியாத்தான் சொல்லியிருக்கு மேடம். கேபிள் சரி, ஜி.பி.எஸ். சரி, எல்லாம் சரி. கரண்ட் இருந்திருந்தா கம்ப்யூட்டரே சரியான எடத்தைக் காட்டியிருக்கும். அறுபதுன்னு ஒரு வார்த்தை அவளுக்கு நான் சொல்லித் தரல. மெஷின் பாத்துக்கும்னு விட்டுட்டேன்."

"குறியை அழிச்சிருக்கலாமே?"

"ஏன் அழிக்கறன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? அவ பக்கத்துலயே நின்னு, 'நான் சரியாத்தானே சொன்னேன்'னு கேட்டுக்கினே இருந்தா. ஆமான்னு சொன்னேன். பெட்டிதான் தப்புன்னு சொன்னேன். அவங்க கடையை ஒடைக்கும்போதும் அதையேதான் சொன்னேன். ஆனா வீராசாமி பிழைச்சிக்கினான். அன்னிக்கி படகுலருந்து கடைக்கி ஒரு நிமிஷம் போன் பேசியிருக்கான். இன்னிக்கி பழவேற்காட்டுலருந்து எஸ்.ஐ. வாக்குமூலம் எழுத வர்றாரு. போனை எடுத்தது நான், எடத்தைத் தப்பாச் சொன்னது நான்னு சொல்லப் போறேன். அதுக்குதான் இங்க காத்துகினு இருக்கேன்."

"நீங்க கிருஷ்ணப்பட்டினத்துல இருந்ததைப் பாத்தவங்க இருப்பாங்களே?"

"ஒத்துக்கறவனை யார் மேடம் அவ்வளவு தோண்டப் போறாங்க?"

உள்ளேயிருந்து வீராசாமியின் குரல் வந்தது. கரகரத்த, ஆனால் வலுவான குரல்.

"அம்மா, இப்டி வாங்க. எல்லாம் காதுல உழுந்துகினுதான் கீது."

போனார்கள்.

"ஒரு வாரமா இந்தாளு எனக்குத் துன்ன குடுக்கறாரு, தொடச்சி உடுறாரு" என்றான் வீராசாமி. "தெனம் இதே பாட்டு. போன்ல பேசனது நான்தான், நான்தான்னு. ஆம்பள கொரலுக்கும் பொம்பள கொரலுக்கும் வித்தியாசம் தெரியாதாம்மா எனக்கு? ஏன் பொய் சொல்றான்னுதான் புரியல."

"வீராசாமி, உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன் இல்ல" என்று யஸ்வந்த் கெஞ்சினான். "எஸ்.ஐ.கிட்ட மட்டும்..."

அவன் பேச்சு நின்றது. வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காஞ்சனா நின்றிருந்தாள். பஸ்ஸில் வந்திருந்தாள். புடவைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. கணவனின் மொட்டைத் தலையைப் பார்த்தாள். அவன் உயிரோடு இருப்பதைப் பார்த்தாள். ஓடி வரவில்லை.

"நீங்க போனப்புறம் சுவத்தையே பாத்துகினு இருந்தேன் மேடம்" என்றாள் சுலோசனாவிடம். "அந்தக் குறியைப் பத்தி ஏன் கேட்டீங்கன்னு. டீயைக்கூடக் குடிக்காம ஏன் ஓடினீங்கன்னு. அப்புறம் ஸ்கேலை எடுத்தேன்."

யஸ்வந்தின் பக்கம் திரும்பினாள்.

"நாப்பது கிலோமீட்டர்" என்றாள்.

"காஞ்சனா, நான் சொல்றதைக் கேளு..." யஸ்வந்த் எழுந்தான். "நான் சொல்லித் தரல. தப்பு என்னுது."

"நீங்க சரின்னு சொன்னீங்களே. நான் கேட்டப்போல்லாம் சரின்னு சொன்னீங்களே." அவள் குரல் உயரவே இல்லை. "நான் அந்த ராத்திரி நிம்மதியாத் தூங்கினேங்க. எடத்தைச் சொல்லிட்டோமேன்னு."

அவன் கையைப் பிடிக்க வந்தான். அவள் விலகவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. கட்டிலருகே போய் வீராசாமியின் முன்னால் நின்றாள். கை கூப்ப முயன்றாள், அதுவும் முடியவில்லை.

"அண்ணா, நான் திருப்பதி கடையிலருந்து..."

"தெரியுது" என்றான் வீராசாமி.

வாசலில் அவள் வாய் திறந்த முதல் வார்த்தையிலேயே அவன் முகம் மாறியிருந்தது. புண்ணான உதடுகள் இறுகின.

"இந்தக் கொரல்தான். 'பயப்படாதீங்கண்ணா, எடத்தைச் சொல்லிட்டேன், வந்துகினே இருக்காங்க'ன்ன. அப்புறம் போன் கட்டாய்டுச்சி. படகு முழுகனப்புறம் ஆளுக்கொரு டீசல் கேன். உன் வார்த்தைய நம்பித்தான் நான் கேனை உடாம புடிச்சிகினு இருந்தேன். இல்லன்னா அப்பவே உட்டிருப்பேன். பொழைச்சதுக்கு நீயும் ஒரு காரணம். அதையும் சொல்லணும்."

காஞ்சனாவின் தோள்கள் குலுங்கின.

"எத்திராஜும் நம்பனான்" என்றான் வீராசாமி.

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். சிரஞ்சீவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவரு... கடைசியா ஏதாவது சொன்னாரா?"

யஸ்வந்த் "வேண்டாம்" என்றான். வீராசாமி அவனைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான். சொல்லலாமா என்று எடைபோடுவது போல ரொம்ப நேரம் பார்த்தான்.

"'அந்த அக்கா வருவாங்கன்னுச்சே, ஏன் இன்னும் வரல'ன்னு கேட்டான். வருவாங்கடான்னேன். அப்புறம் அவன் பேசல. வெளுக்கறப்போ கேன் மட்டும் கெடந்துது."

காஞ்சனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுலோசனா குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இதைப்போல ஒன்றைத் தன் கையாலேயே பென்சில் பிடித்து வரைந்து காட்டியதில்லை.

"மன்னிச்சிருங்க" என்றாள் மெல்ல.

"நீங்க என்ன மேடம் பண்ணீங்க? என் புருஷனைத் தேடிக் குடுங்கன்னேன், குடுத்துட்டீங்க." காஞ்சனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கணவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, நாளைக்கி ஒரு நாள் எப்படியும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னிக்கி நீங்க ஜெயில்ல இருந்திருப்பீங்க. அப்போ நான் யார்கிட்ட போய் அழுவேன்?"

 யஸ்வந்த் அவள் பக்கத்திலேயே ஈரத் தரையில் உட்கார்ந்தான். அவள் அவனுடைய மொட்டைத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுதது அவன்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் காஞ்சனா கேட்டாள்: "எத்திராஜ் வீடு எங்கண்ணா?"

"சாந்திபுரத்தாண்ட. அவங்க அம்மா லட்சுமம்மா மட்டும்தான். கூலி வேலைக்கிப் போய்க்கினு இருக்காங்க."

"அவங்ககிட்ட நான்தான் போய்ச் சொல்லணும். பெட்டியில்ல, இவரில்ல, நான்தான்னு."

"போ" என்றான் வீராசாமி. "திட்டுவாங்க. மண்ணை வாரி எறிவாங்க. வாங்கிக்கோ. ஆனா ஒண்ணு. அவன் கடைசியா கேட்டதை மட்டும் அந்தம்மாகிட்ட சொல்லாத. அது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே கெடக்கட்டும்."

அவள் தலையசைத்தாள்.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எஸ்.ஐ. ஒரு கான்ஸ்டபிளுடன் உள்ளே வந்தார். மழைக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கட்டிலைச் சுற்றி இத்தனை பேர் இருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, முதல்லருந்து வருவோம். அன்னிக்கி சாயங்காலம் கடையில போனை எடுத்தது யாரு?"

யஸ்வந்த் எழுந்தான். வீராசாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் எந்தப் பக்கமும் சொல்லப் போவதில்லை என்பது சுலோசனாவுக்குப் புரிந்தது. கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. காஞ்சனா விரும்பினால் கணவனின் பொய்க்குள்ளேயே போய்விடலாம்.

அவள் கணவனின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்கார வைத்தாள். புடவைத் தலைப்பைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான் சார். என் பேரு காஞ்சனா. சொல்றேன், எழுதிக்குங்க."